ரோமம் போர்த்திய யானைகள்: சேலத்தின் ‘காடு’ படம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காடு பஸ் சேலம் நகரைத் தாண்டி மலையடிவாரத்தை நோக்கிப் போகும்போது சாலையோரத்தில் ஒரு வளைவு தெரியும். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயரைத் தாங்கி நிற்கும் அந்த வளைவுக்குப் பின்னால் இன்று படப்பிடிப்புத் தளமும் இல்லை, பிலிம் கழுவும் கூடமும் இல்லை. சிறு வயதில் அதைக் கடக்கும்போதெல்லாம் அம்மா, “இங்கேதான் மந்திரி குமாரி எடுத்தார்கள், அலிபாபா எடுத்தார்கள்” என்று சொல்வார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்களும் தங்களுக்குத் தெரிந்த இரண்டு பெயர்களைச் சேர்ப்பார்கள். “இங்கேதான் மாமூத் யானைப் படம் எடுத்தார்கள்” என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.

ஆனால் அந்தப் படம் இருக்கிறது. 1952இல் வெளிவந்தது. தமிழில் ‘காடு’, ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரமும் ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் பெர்க்கும் சேர்ந்து தயாரித்தார்கள், இயக்கியவர் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமெரோ, மேரி வின்ட்சர் ஆகியோருடன் நம் எம்.என். நம்பியாரும் நடித்தார். பனிக்காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன ரோம யானைகளான மாமூத்துகள் இந்தியக் காட்டில் உயிரோடு உலவுவதுதான் கதையின் மையம். இந்தியாவின் முதல் அறிவியல் புனைவுத் திரைப்படம் என்று இதைக் குறிப்பிடுவோர் உண்டு. அந்தப் பட்டம் பொருந்துமா என்ற விவாதத்தைவிட எனக்கு முக்கியமானது வேறு ஒன்று. கொங்கு மண்ணில் இத்தனை முன்னதாக விழுந்த ஒரு விதை ஏன் முளைக்கவில்லை? இந்த ஆய்வு அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

விதை விழுந்த நிலம்

நிலத்தில் குறையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருச்செங்கோட்டில் பிறந்த சுந்தரம், ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போய் வந்தவர். 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் படம் ‘சதி அகல்யா’ 1937இல் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் இவருடைய தயாரிப்பில்தான் உருவானது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ 1940. தமிழின் முதல் முழு வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956. நூற்பாலையில் ஒரு பக்கம் பஞ்சு போய் மறுபக்கம் நூல் வருவதுபோல, ஒரே வளாகத்துக்குள் கதையில் தொடங்கிப் படப்பெட்டியில் முடியும் ஓர் ஆலையாகவே அவர் சினிமாவை நடத்தினார். ஜவுளி படித்தவரின் கண் அது.

கொங்கு முழுவதும் அப்போது அப்படித்தான் இருந்தது. பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்ததும் கோவையில் ஆலைகள் பெருகின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் இந்திய மண்ணிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். கிணற்றடியில் மோட்டார் பழுதானால் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் தானே பிரித்துப் பார்க்கும் விவசாயி இங்கே அபூர்வமல்ல. இயந்திரத்தைக் கண்டு கும்பிடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற மனம் அது. அறிவியல் புனைவுக்கு இதைவிடத் தோதான வாசகன் எங்கே கிடைப்பான்?

இயந்திர மனம் இருந்தது. படமெடுக்கும் ஆலை இருந்தது. மேற்கே மலைத்தொடர் முழுக்க யானைகள் இருந்தன.

கதை கேட்ட கேள்வி

நான் பார்த்தது ஆங்கில வடிவம். ஒரு சமஸ்தானத்துக் கிராமங்களுக்குள் யானைக்கூட்டம் வெறிகொண்டு புகுந்து அழிக்கிறது. முன்பு இதன் காரணத்தைத் தேடிக் காட்டுக்குள் போன குழு அழிந்துவிட்டது. பிழைத்து வந்த அமெரிக்க வேட்டைக்காரன், தாங்கள் மாமூத்துகளிடம் சிக்கியதாகச் சொல்கிறான். யாரும் நம்பவில்லை, கோழை, கதை கட்டுகிறான் என்கிறார்கள். இளவரசி புதிய குழுவோடு புறப்படுகிறாள். படத்தின் பெரும்பகுதி நடைபயணம். புலி, கரடி, பாம்பு என்று காட்டு விலங்குகள் வரிசையாக வந்து போகின்றன. கடைசிக் கட்டத்தில்தான் மாமூத் வருகிறது. வந்த வேகத்தில் முடிந்தும் விடுகிறது. நிஜ யானைகளின் மேல் அடர்ந்த ரோமத்தைப் போர்த்தியிருக்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ரோமத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல. நம் நாட்டு வெயிலில் யானைக்கு உடை மாட்டி, அது மிரளாமல் நடக்கச் செய்வது எளிய காரியமா? கணினி வரைகலை கனவிலும் இல்லாத காலம். எனக்கு அந்த ரோமத்தின் மீது மரியாதைதான் இருக்கிறது.

அதைவிட மரியாதைக்குரியது கதையின் தொடக்கக் கேள்வி: யானைகள் ஏன் ஊருக்குள் வருகின்றன? மாயாஜாலக் கதையாக இருந்தால் முனிவரின் சாபம் என்று முடிந்திருக்கும். அந்தக் காலத்துப் படங்களுக்கு அது ஒரு காட்சி வேலை. இந்தப் படம் அப்படிச் செய்யவில்லை. யானையின் நடத்தை மாறியிருக்கிறது என்றால் அதன் இருப்பிடத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது. ஓர் உயிரினம் இன்னொன்றை அதன் இடத்திலிருந்து தள்ளுகிறது, தள்ளப்பட்டது மனிதர்மேல் வந்து விழுகிறது. சூழலியல் என்ற சொல்லே தமிழ் வாசகரிடம் பழகாத 1952இல் இப்படி ஒரு காரணகாரியச் சங்கிலியைத் திரையில் வைத்தது பெரிய விஷயம். இந்தப் படத்தை அறிவியல் புனைவு என்று நான் ஏற்பது மாமூத்துக்காக அல்ல, இந்தக் கேள்விக்காக.

இரவல் விடை

கேள்வி நம் மலைக்குச் சொந்தமானது. விடை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எல்லாம் விளங்குகிறது.

அமெரிக்காவில் இதை வெளியிட்டது லிப்பர்ட் பிக்சர்ஸ். குறைந்த செலவில் படமெடுத்து, பெரிய படத்தோடு சேர்த்துத் திரையிட இரண்டாம் படமாகத் தரும் நிறுவனம். அதே நிறுவனம் முந்தைய ஆண்டு, 1951இல், ‘லாஸ்ட் காண்டினென்ட்’ என்ற படத்தை வெளியிட்டது. காணாமல் போன ராக்கெட்டைத் தேடிப் போகும் குழு, ஒரு தீவின் மலை உச்சியில் டைனோசர்களைச் சந்திக்கிறது. அதில் நாயகன் சீசர் ரொமெரோ. கதை கேரல் யங். ‘தி ஜங்கிள்’ படத்தை எழுதியவரும் அவரே. (பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பேட்மேன் தொடரில் ஜோக்கராக வந்து உலகப் புகழ் பெற்றவர் இந்த ரொமெரோதான்.) ஆக, தேடிப் போகும் குழு, நம்ப மறுப்பவர்கள், கடைசியில் தொல்விலங்கு என்ற அச்சு ஏற்கெனவே தயாராக இருந்தது. தீவுக்குப் பதில் இந்தியக் காடு, டைனோசருக்குப் பதில் மாமூத். யானைகள் இங்கே வாடகைக்குக் கிடைக்கும், ரோமம் போர்த்தினால் மாமூத் ஆகிவிடும் என்ற கணக்கு செலவை முன்வைத்துப் பார்த்தால் மிகச் சரியான கணக்கு.

அறிவியலை முன்வைத்துப் பார்த்தால் அங்கேயே அச்சாணி கழன்றுவிடுகிறது. கம்பளி மாமூத் பனிநிலத்து உயிர். அதன் காது சிறியது, வால் குட்டை, தோலுக்கடியில் தடித்த கொழுப்பு, எல்லாமே உடல் வெப்பத்தை இழக்காமல் காப்பதற்கானவை. சைபீரியாவுக்கு வடக்கே ராங்கெல் தீவில் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை பிழைத்திருந்த கடைசிக் கூட்டத்துக்கும் தென்னிந்திய மலைக்கும் எந்த வழியும் இல்லை. நம் யானையோ பெரிய காதை விசிறி உடம்பைக் குளிர வைக்கிற உயிர். காது பெரிதாக இருக்கிற, கம்பளி போர்த்திய ஒரு விலங்கு எந்தத் தட்பவெப்பத்துக்கும் சேராது. அறிவியல் புனைவில் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லலாம்; ஒரே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் உண்மையாக நடத்தலாம். ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு காரணம் தர வேண்டும். இந்தப் படம் தரவில்லை.

எனக்கு மிகவும் வருத்தமளிப்பது வேறு. மாமூத்தை இரவல் வாங்கவே தேவையிருக்கவில்லை. நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு பெரும் தொல்யானையை 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்து எழுதிவிட்டார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே நர்மதை இருக்கிறது: பேலியோலாக்சடான் நமாடிகஸ். இன்றைய ஆசிய யானையைவிட மிகப் பெரியது. தோள் உயரம் 4 மீட்டருக்கும் மேல். கம்பளி ரோமம் தேவையில்லாத இந்திய விலங்கு. அந்த யானையின் ஒரு கூட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏதோ ஒரு மடிப்பில் எஞ்சியிருந்தது என்று கதை சொல்லியிருந்தால், நம்ப முடியாததை நம்புவதற்கு ஒரு கால் ஊன்ற இடம் கிடைத்திருக்கும். உயரத்தையும் தலையின் வடிவையும் காட்ட மட்டும் வழி தேடியிருக்க வேண்டும். படம் வெளியாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்தத் தகவல் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அமெரிக்கச் சிறு நகரத் திரையரங்கில் நர்மதை யானையை யாருக்குத் தெரியும்? மாமூத் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். விடையைத் தேர்ந்தெடுத்தது அந்தத் திரையரங்கு.

‘காடு’ என்ற சொல்

கொங்கு நாட்டார் ஒருவர் “காட்டுக்குப் போகிறேன்” என்றால் கையில் களைக்கொத்து இருக்கும். சோளக்காடு, பருத்திக்காடு, கடலைக்காடு: எங்களுக்குக் காடு என்பது மழையை நம்பி விதைக்கிற நிலம். யானை இருக்கிற இடம் வனம், அல்லது வெறுமனே மலை. இந்தப் படத்தின் தமிழ்ப் பெயரைப் படித்த எங்கள் ஊர்க்காரர் எவருக்கும் மனதில் முதலில் வந்திருக்கக்கூடியது தன் சொந்த நிலம்தான். படமோ அந்நியர் ஒருவர் அஞ்சி நுழைகிற ‘ஜங்கிள்’ பற்றியது. பெயர்ப் பலகையிலேயே இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கின்றன.

அந்த விலகல் கதைக்குள்ளும் இருக்கிறது. உண்மையைக் கண்டவன் வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரன். மண்ணைச் சேர்ந்தவர்கள் அவனைச் சந்தேகிக்கிறார்கள், பிறகு திருந்துகிறார்கள். நம் மலைகளில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. ஆனைமலையில் கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பராமரிக்கும் மலசர் பழங்குடிப் பாகன்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலில் இருப்பவர்கள். லத்தியைக் கிளறி எப்போது போனது, என்ன தின்றது என்று சொல்வார்கள். முறிந்த கிளையின் உயரத்தைப் பார்த்து ஆணா, குட்டியோடு போகும் கூட்டமா என்று சொல்வார்கள். டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி இறந்த யானைகளைக் காட்டுக்குள்ளேயே அறுத்து ஆராய்ந்து, ஒவ்வொன்றும் ஏன் இறந்தது என்று கண்டறிவதை வாழ்நாள் வேலையாகவே செய்தார். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதைக்கு முன்மாதிரி அவர்தான். அது அறிவியல் புனைவு அல்ல. ஆனால் ‘காடு’ தவறவிட்ட அறிவியல் மனம் அந்தக் கதையில் முழுதாக இருக்கிறது.

உயரமான கிளை ஒன்று, எந்த யானைக்கும் எட்டாத உயரத்தில், புதிதாக முறிந்து கிடக்கிறது. ஒரு மலசர் பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நிற்கிறார். ‘காடு’ படத்துக்கு நான் விரும்புகிற முதல் காட்சி இதுதான்.

முளைத்தது வேறு இடத்தில்

‘காடு’ படத்துக்குப் பின் மாடர்ன் தியேட்டர்ஸ் அந்தப் பாதையில் தொடரவில்லை. சுந்தரம் வண்ணத்துக்கும் துப்பறியும் கதைகளுக்கும் நகர்ந்தார், 1963இல் மறைந்தார். அதே ஆண்டு வேற்றுக்கோள்வாசிகளோடு ‘கலை அரசி’ வந்தது. கலைஞர்களே இல்லாத கோளிலிருந்து ஒரு பாடகியைத் தேடி வருகிறார்கள் என்ற கதை எனக்குப் பிடித்தமானது, ஆனால் அது வேறு ஆய்வுக்குரியது. 1980களில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இயந்திர நாய் ஜீனோவைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டு வந்தது. ஜீனோ எடுபட்டதற்குக் காரணம் எளியது: அது தமிழில் யோசித்தது, அதிகாரத்தைக் கேள்வி கேட்டது.

கொங்குக்குத் திரும்பினால் 2015 வரை காத்திருக்க வேண்டும். திருப்பூர்க்காரரான ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’. இசை கோவையிலிருந்து வந்த ஹிப்ஹாப் தமிழா. 2065இலிருந்து சோதனைக்காக அனுப்பப்பட்ட கால இயந்திரம் 2015இல் இரண்டு இளைஞர்கள் கையில் சிக்குகிறது. ஒருவன் வேலைக்குப் போக மறுத்துப் புதுப் புதுத் தொழில் யோசனைகளைச் சொல்லி முதலீடு தேடி அலைகிறவன்; இன்னொருவன் சோதிடன். உலகைக் காக்கவோ ஆளவோ அவர்களுக்குத் தோன்றவில்லை. தொலைந்த பொருள் எங்கே போனது என்று கடந்த காலத்துக்குப் போய்ப் பார்த்து வந்து, சோதிடம் என்ற பெயரில் சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். இந்த இடத்தில் நான் திரையரங்கில் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அசந்துபோனேன். தறியும் பனியன் கம்பெனியும் வைத்துத் தானே முதலாளியாக நினைக்கிற ஊரில் ஒரு கால இயந்திரம் விழுந்தால் சரியாக இதுதான் நடக்கும். அவர்கள் செய்த சிறு குறுக்கீட்டால் அன்று சாக வேண்டிய ரவுடி பிழைத்துவிடுகிறான். அதன் விளைவுகள் துரத்துகின்றன. கால இயந்திரம் என்ற கருவி வெளியிலிருந்து வந்ததுதான். அதை வைத்து என்ன செய்வது என்பதை எவரிடமும் கடன் வாங்கவில்லை.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரிகிறது. 1952இல் நம் யானை, நம் மலை, நம் ஆலை, நம் உழைப்பு. வியப்பு மட்டும் இறக்குமதி. 2015இல் பொருள் இறக்குமதி, வியப்பு நம்முடையது. சுந்தரத்தை நான் குறை சொல்லவில்லை. ஹாலிவுட் கூட்டணி என்பது அன்று ஒரு சேலத்து முதலாளி எட்டக்கூடிய மிகத் தொலைவான எல்லை. அதை அவர் எட்டினார். கதை எழுதும் மேசையில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியிருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

மீண்டும் அதே கேள்வி

என் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தோட்டம் கோவைக்கு அருகே தடாகம் பக்கம். வாழைக்குள் யானை புகுந்த மறுநாள் காலையில் அவர் முதலில் எண்ணுவது சாய்ந்த மரங்களை அல்ல. வேலியில் எந்த இடத்தில் நுழைந்தது, எந்த இடத்தில் வெளியேறியது என்று பார்ப்பார். பள்ளத்தாக்கில் செம்மண் தோண்டிய செங்கல் சூளைகள் பெருகியபின் தடம் மாறிவிட்டது என்று அவர் சொல்லி வந்தது, பல ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றம்வரை பேசப்பட்டு, 2021இல் சூளைகள் மூடப்பட்டன. இப்போது மதுக்கரை ரயில் பாதையில் 12 கோபுரங்களில் கேமராக்கள் நிற்கின்றன. இருட்டில் உடல் வெப்பத்தைக் கொண்டு யானையை அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவு வழியாக ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை போகும்படி 2024இல் தமிழக வனத்துறை அமைத்தது. யானையைப் பார்க்கும் இயந்திரம், இயந்திரத்தைக் கவனிக்கும் யானை: இதை எழுதுவதற்கு எந்த எழுத்தாளரும் லிப்பர்ட் பிக்சர்ஸை நாட வேண்டியதில்லை.

சென்ற கோடையில் அக்காள் மகனோடு உட்கார்ந்து ‘தி ஜங்கிள்’ பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் வனவியல் படிக்கிறான். முதல் யானைப் பாய்ச்சல் வந்ததுமே படத்தை நிறுத்திவிட்டான்.

“மாமா, இந்த யானைகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன?”

“அதைப் படத்தில் சொல்லவில்லை, மாப்பிள்ளை.”

“அதைச் சொல்லாமல் எப்படித் தேடப் போகிறார்கள்?”

அவன் என் நோட்டை இழுத்து வைத்துக் கோடு போடத் தொடங்கினான். பவானி ஆறு. மலை ரயில். ஊட்டிச் சாலை குறுக்கிடும் கல்லாறு வலசைப்பாதை. பாக்குத் தோப்புகள், புதிய கட்டடங்கள். கோடைமாதம் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டான். யானைக்கூட்டம் வழக்கமாக இந்த மாதத்தில் எங்கே நிற்கும் என்று ஒரு வட்டம், அங்கிருந்து கிராமத்தை நோக்கி ஓர் அம்புக்குறி. பிறகு பென்சிலை அம்பின் வாலிலிருந்து மேலே மேலே கொண்டுபோய், நீரோடை தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தான்.

“அந்தப் பெரிய விலங்கு இங்கேதான் நின்றாக வேண்டும்” என்றான். “தண்ணீர் இங்கேதான் இருக்கிறது.”